ஒரு முகவரியில் ஒருவர்தான் இருப்பாரா?

கணினி ஆள் பார்த்து நடக்காது என்பது நம்மில் பலரின் நம்பிக்கை. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். 2013இல், இறுதியாண்டுத் தொழிற்பயிற்சியின்போது நான் தட்டச்சு செய்த ஒரே ஒரு வரி அந்த நம்பிக்கையைக் கலைத்தது. அந்த அனுபவத்தையும், அதிலிருந்து எனக்குள் உருவான கருத்தையும் தம்பி தங்கைகளோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

நான் பயிற்சிக்குச் சென்றது ஒரு சிறு நிறுவனம். டியூஷன் மையங்கள் மாணவர் வருகையைப் பதிவு செய்யும் இணையதளம் ஒன்றை அது நடத்தி வந்தது. லினக்ஸ் வழங்கியைக் கவனிக்கும் வேலை எனக்கு. ஒரு நாள் இணைப்புகளின் பட்டியலைப் பார்த்தேன். ஆயிரக்கணக்கான இணைப்புகள் 'டைம்-வெயிட்' என்ற நிலையில் நின்றன. பதறிப்போய் இணையத்தில் தேடினேன். பல பக்கங்கள் ஒரே மருந்தைச் சொல்லின: 'டிசிபி_டிடபிள்யூ_ரீசைக்கிள்' என்ற அமைப்பை 1 ஆக்கு. ஆக்கினேன். பட்டியல் சட்டென்று சுருங்கியது. மேற்பார்வையாளர் தட்டிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் ஒரு டியூஷன் மையத்திலிருந்து புகார் வந்தது. அங்கே ஆறு ஆசிரியர்கள். ஒருவர் கைப்பேசியில் பக்கம் திறக்கிறது, மற்றவர்களுக்குத் திறக்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் சோதித்தோம். எல்லாக் கணினிகளிலும் நன்றாகவே வேலை செய்தது. "உங்கள் வைஃபைதான் சரியில்லை" என்று பதில் சொன்னோம். அவர்களும் நம்பி, காசு போட்டுப் புதிய ரௌட்டர் வாங்கினார்கள். கோளாறு அப்படியே இருந்தது.

இரண்டு வாரம் கழித்து, அங்கே பணியாற்றிய ஒரு மூத்த அண்ணன் வழங்கியின் உள்கணக்குகளைப் பார்க்கச் சொன்னார். நேர முத்திரையின் காரணமாக நிராகரிக்கப்பட்ட இணைப்புகள் என்று ஒரு வரி. அதன் எண்ணிக்கை நிமிடத்துக்கு நிமிடம் ஏறிக்கொண்டிருந்தது. குற்றவாளி நான் சேர்த்த வரிதான்.

நடந்தது இதுதான். டி.சி.பி. இணைப்பு ஒன்று முடிந்ததும், அதை முதலில் மூடிய பக்கம் உடனே மறந்துவிடுவதில்லை. வழியில் தாமதமான பொட்டலம் ஏதாவது பின்னால் வந்து, புதிய இணைப்புக்குள் தவறாக நுழைந்துவிடக் கூடாதல்லவா? அதற்காகச் சிறிது நேரம் காத்திருக்கும். அதுதான் டைம்-வெயிட். 1981இல் வெளிவந்த டி.சி.பி. வரையறையிலேயே அது உண்டு; லினக்ஸில் அதன் அளவு 60 விநாடி.

ரீசைக்கிள் அமைப்பு இந்தக் காத்திருப்பை வெகுவாகக் குறைத்தது. ஆபத்தைத் தவிர்க்க வேறொரு வழியைக் கையாண்டது. ஒவ்வொரு முகவரியிலிருந்தும் கடைசியாக வந்த நேர முத்திரையை நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த 60 விநாடிக்குள் அதே முகவரியிலிருந்து அதைவிடக் குறைந்த முத்திரையோடு புதிய இணைப்பு கேட்டால், பழைய பொட்டலம் என்று கருதிச் சத்தமில்லாமல் தூக்கி எறிந்துவிடும். கேட்டவருக்குப் பதிலே போகாது.

டியூஷன் மையத்தின் ஆறு கைப்பேசிகளும் ஒரே வைஃபையின் பின்னால், ஒரே பொது முகவரியில் இருந்தன. ஆனால் ஒவ்வொரு கைப்பேசியின் கடிகார எண்ணும் வேறு. எண் பெரிதாக இருந்தவர் உள்ளே போனார். மற்றவர்கள் வாசலிலேயே நின்றார்கள். எங்கள் அலுவலகத்தில் இருந்தவையோ விண்டோஸ் கணினிகள். அவை இயல்பாக நேர முத்திரையை அனுப்பாதவை என்பதால் சோதனையில் எதுவும் பிடிபடவில்லை.

இங்கேதான் என் கருத்துக்கு வருகிறேன். கருநிரலில், அதாவது கெர்னலில், இருந்த அந்தப் பகுதியில் எழுத்துப் பிழை இல்லை. கணக்குப் பிழையும் இல்லை. பிழை ஓர் அனுமானத்தில் இருந்தது: ஒரு முகவரி என்றால் ஒரு கணினி. ஒரே இணைப்பைப் பலர் பகிரும் விடுதிகள், டியூஷன் மையங்கள், மாமாக் கடைகளைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பொருந்தாத அனுமானம் என்பது புரியும். 2011 ஏப்ரலிலேயே ஆசிய பசிபிக் வட்டாரத்தின் ஐ.பி. நான்காம் பதிப்பு முகவரிகளின் கையிருப்பு கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. முகவரியைப் பகிர்ந்து வாழ்வது நம் வட்டாரத்தில் அன்றாட நடைமுறை.

இந்த வழு எப்படித் தீர்ந்தது? 2017 பிப்ரவரியில் வந்த லினக்ஸ் 4.10, பாதுகாப்புக்காக ஒவ்வோர் இணைப்பின் நேர முத்திரையையும் வெவ்வேறு எண்ணிலிருந்து தொடங்க வைத்தது. அதன்பின் ஒரே கணினியின் இரு இணைப்புகளைக்கூட ஒப்பிட முடியாது. எனவே அதே ஆண்டு ஜூலையில் வந்த 4.12 பதிப்பிலிருந்து ரீசைக்கிள் அமைப்பே நீக்கப்பட்டது. இன்று அந்த வரியை எழுதினால், அப்படி ஒன்று இல்லை என்று கணினி நேரடியாகச் சொல்லிவிடும்.

"கத்தியைத் தவறாகப் பிடித்தவன் குற்றத்துக்குக் கத்தியைத் தடை செய்வதா? கையேட்டில்தான் பரிந்துரைக்கப்படவில்லை என்று எழுதியிருந்ததே!" என்று சிலர் வாதிடுவார்கள். கையேட்டைப் படிக்காதது என் குற்றம், மறுக்கவில்லை. ஆனால் அமைப்பை மாற்றியவன் நான். அவதிப்பட்டவர்கள் யாரோ ஆறு ஆசிரியர்கள். அவர்கள் அந்தக் கையேட்டைப் பார்க்கவே வாய்ப்பில்லை. தவறு செய்பவனைத் தொடாமல் மற்றவர்களை மட்டும் தண்டிக்கும் வசதியை எச்சரிக்கைப் பலகை மாட்டி வைத்திருப்பதைவிட, எடுத்துவிடுவதே நேர்மை. சில நேரங்களில் நிரலைக் குறைப்பதுதான் திருத்தம்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. நான் மருந்து கொடுத்த நோயே நோயல்ல. டைம்-வெயிட்டில் நிற்கும் இணைப்பு மிகக் குறைந்த நினைவகத்தையே பிடிக்கும். எங்கள் வழங்கி அதனால் திணறவே இல்லை. எண்ணிக்கையைப் பார்த்துப் பயந்தேன். அந்த எண் என்ன சொல்கிறது என்று கேட்கவில்லை.

நம் மாணவர்களில் கணினி பயில்வோர் ஏராளம். ஆனால் பிறர் எழுதிய வரிகளை ஒட்டி வேலையை முடிப்பதோடு பலர் நின்றுவிடுகிறோம். லினக்ஸின் மூலநிரல் திறந்தே கிடக்கிறது. படிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஒரே முகவரியில் பலர் வாழ்வதை நேரில் பார்த்தவர்கள் அந்த நிரலைப் படித்தால், அங்கே ஒளிந்திருக்கும் அனுமானங்கள் கண்ணில் படும். அந்தப் பார்வையோடு நாமும் படிக்க வேண்டும், திருத்தவும் துணிய வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

அந்த டியூஷன் மையத்துக்கு நான் தொலைபேசியில் அழைத்துத் தவறு எங்களுடையது என்று சொன்னேன். "பரவாயில்லை தம்பி, இப்போது எல்லாருக்கும் திறக்கிறது" என்றார் எடுத்தவர். ரௌட்டர் காசைப் பற்றி அவர் பேசவில்லை. என்னால்தான் இன்றுவரை மறக்க முடியவில்லை.