ஒரு நாள் ஒலிபரப்பு போதுமா?



இங்கிலாந்தில் 'ரேடியோ கரோலின்' என்று ஒரு கப்பல் வானொலி. 1964 மார்ச்சில் அரசு அனுமதி இல்லாமலே, நடுக்கடலில் நங்கூரம் போட்டு நின்று பாட்டு ஒலிபரப்பினார்கள். காரணம், இளைஞர்கள் விரும்பிய பாட்டுக்கு பி.பி.சி.யில் இடம் குறைவு. 1967 ஆகஸ்டில் சட்டம் போட்டுத் தடுத்தது அரசு. அடுத்த மாதமே பி.பி.சி. 'ரேடியோ 1' தொடங்கி அதே மாதிரிப் பாட்டைப் போட்டது! இன்று உரிமம் வாங்கிவிட்ட கரோலின், ஆண்டு விழாவுக்குப் பழையபடி கப்பலிலிருந்து ஒலிபரப்புகிறது.

நமக்கு அப்படி ஒன்று இலங்கை வானொலி. அது திருட்டு வானொலி அல்ல, அரசு நிலையம்தான். ஆனால் செய்த வேலை ஒன்றே! 1952ல் அமைச்சரான பி.வி.கேஸ்கர் காலத்தில் நம் வானொலியில் சினிமாப் பாட்டு அருகிப்போனது. அந்தப் பாட்டு கடல் தாண்டி கொழும்பிலிருந்து வந்தது. 1957 அக்டோபரில் டெல்லியும் 'விவித் பாரதி' தொடங்க வேண்டியதாயிற்று. மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது குரல்களை எங்க அப்பத்தா இன்னும் மறக்கலை.

1925ல் தொடங்கி நூற்றாண்டு கண்ட அந்த நிலையத்துக்கு நம் ஆண்டு விழாவில் ஒரு நாள் நினைவு ஒலிபரப்பு வைக்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நல்ல யோசனை. ஆனால் மைதானத்து ஸ்பீக்கரில் பழைய பாட்டைப் போட்டுக் கைதட்டிவிட்டுக் கலைந்தால் போதுமா?

கேட்க ஆள் இருந்தும் சொல்ல வாய் இல்லாத இடத்தில்தான் அந்தக் குரல்கள் பிறந்தன. அந்த இடம் இன்னும் இருக்கிறது. எங்க அப்பா ஆத்தங்குடிக் கல் பதிப்பவர். கை முழுக்க சிமெண்ட், போனைத் தொட முடியாது. காது மட்டும் சும்மா இருக்கும். உதவித்தொகைக்குக் கடைசித் தேதி எப்போது, எந்தப் படிப்புக்கு என்ன வேலை என்று சொல்ல எங்க தெருவில் படித்தவர் யாரும் இல்லை. எத்தனையோ பிள்ளைகள் விவரம் தெரியாமலே பத்தாவதோடு நின்றுபோச்சு.

சின்ன எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் செய்வது நமக்குப் பெரிய விஷயமில்லை. ஆனாலும் திருட்டுத்தனம் வேண்டாம். அலைவரிசை பொதுச்சொத்து என்று 1995லேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. கல்வி நிலையங்கள் உரிமம் பெற்று சமுதாய வானொலி நடத்தலாம். அண்ணா பல்கலைக்கழகம் 2004ல் தொடங்கியது. பக்கத்தில் பாம்பனில் மீனவர்களுக்காக 2016 முதல் 'கடல் ஓசை' வந்தது. 100 வாட் போதும், ஒரு குண்டு பல்பு அளவு! சுமார் பத்து கிலோமீட்டருக்குக் கேட்கும்.

விண்ணப்பிக்க வேண்டியது நிர்வாகம். கேட்க வேண்டியது மாணவர் பேரவை. நினைவு ஒலிபரப்பு நடக்கட்டும், அதன் மேடையிலேயே அந்தக் கோரிக்கையையும் வைப்போம். கப்பலும் வேண்டாம், கடலும் வேண்டாம். நம்ம லேப் இருக்கிறது. சொல்ல நாம் இருக்கிறோம்!

— இரண்டாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தகவல் தொடர்புத் துறை