பூமி அழியும் முடிவு வேண்டாமா?

2012இல் வெளிவந்த ‘மாஸ் எஃபெக்ட் 3’ என்னும் அறிவியல் புனைவு வீடியோ கேமில், போதிய படைபலம் திரட்டாதவர் பூமி எரிவதைக் காண நேரிடும். இத்தகைய முடிவு இளையோரை விரக்தியில் தள்ளும் என்போர் உண்டு. பூமி எப்படியும் தப்பிவிடும் என்று பழக்கும் விளையாட்டே அதைவிட ஆபத்தானது என்பேன்.

கோவை உக்கடம் பெரியகுளம் வறண்டு கிடந்தபோது, அது தானே பிழைத்துக்கொள்ளும் என்று ஊர் காத்திருக்கவில்லை. 2013இல் தன்னார்வலர்கள் திரளாக இறங்கித் தூர்வாரினர். (பின்னர் கரையை அழகுபடுத்தியதில் காட்டிய வேகம் கழிவுநீரைத் தடுப்பதில் இல்லை என்பது வேறு கதை.) இழப்பு நேரக்கூடும் என்று நம்பியவர்களே மண்வெட்டி எடுத்தார்கள்.

2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடுவதையே தடை செய்தது. கதையின் முடிவுக்கும் தணிக்கை கோருவோர், சூதாட்டத்தையும் சோகத்தையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள்.