மறு மெருகு வேண்டாம்

பொருள்களைப் பயன்படுத்தித் தேய்ப்பவர்களைக் காட்டிலும், பாதுகாக்கிறோம் என்று எண்ணிக்கொண்டு தேய்ப்பவர்களே அவற்றுக்கு அதிகச் சேதம் விளைவிக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். அமெரிக்காவில் ஞாபகார்த்தமாகச் செய்யப்பட்ட ரிவால்வர்களுக்கும், அவற்றின் மேல் ஏற்றப்பட்ட நீல மெருகுக்கும் நேர்ந்துவரும் கதி இதற்குத் தக்க திருஷ்டாந்தம்.

சுழலும் தோட்டா உருளைக்கு சாமுவேல் கோல்ட் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1836இல். அதன் 125ஆவது ஆண்டான 1961 முதற்கொண்டு, ஹார்ட்ஃபோர்டு நகரத்து கோல்ட் கம்பெனியார், உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு என்றும் இன்ன மாகாணம் உதயமான ஆண்டு என்றும் ஏதேனும் ஒரு வைபவத்தை முன்னிட்டு, பொன்னெழுத்தும் சித்திர வேலையும் கூடிய ரிவால்வர்களை வரிசையாக வெளியிடலானார்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியாரும் 1973இல், டெக்ஸஸ் ரேஞ்சர் படையின் 150ஆவது ஆண்டைக் கொண்டாட ஒரு ரிவால்வர் செய்தார்கள். 1976இல், சுதந்திரப் பிரகடனத்தின் இருநூறாவது ஆண்டுக்கென்று கோல்ட் கம்பெனியார் மூன்று ரிவால்வர்கள் அடங்கிய தொகுதிகளைச் செய்தபோது, அந்தப் பிரகடனத்தின் ஆண்டு விளங்கும்படியாக 1,776 தொகுதிகளோடு நிறுத்திக்கொண்டார்கள். இவற்றை வாங்கியவர்களில் பெரும்பாலோர் சுடுவதற்காக வாங்கவில்லை. வெல்வெட் விரித்த பெட்டியில் வைத்துப் பார்த்து மகிழ்வதற்கே வாங்கினார்கள்.

1873இல் வெளிவந்த கோல்ட் ரிவால்வர் ஒன்று, மாட்டுப் பண்ணையாள் ஒருவனுடைய இடுப்பில் பல ஆண்டுகள் தொங்கி, தோலுறையில் நுழைந்து நுழைந்து குழல்வாய் வெளுத்துப் போயிருக்குமானால், அந்த வெளுப்பு அதன் சரித்திரத்தில் ஒரு பகுதி. அதைக் குறை என்று யாரும் சொல்லார். ஞாபகார்த்த ரிவால்வருக்கோ அப்படிச் சொந்தச் சரித்திரம் கிடையாது. தொழிலாளி அதன் மேல் ஏற்றி அனுப்பிய மெருகே அதன் பிரதான செல்வமாகையால், அது மங்கினால் கைம்மாறாகக் கிடைப்பது ஒன்றுமில்லை.

அந்த மெருகு எவ்வளவு மெல்லியது என்பதைப் பலர் அறியார். அது வர்ணப் பூச்சன்று. இரும்பும் பிராணவாயுவும் கூடி, எஃகின் மேற்பரப்பே கறுப்பு ஆக்ஸைடாக மாறிய படலம். காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்து சுமார் 140 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் தொட்டியில் முக்கி எடுப்பது பெரும் தொழிற்சாலைகளின் முறை. துருவை வேண்டுமென்றே மெல்லப் படரவிட்டு, வெந்நீரில் கொதிக்க வைத்துக் கறுப்பாக்கி, மேலே தளர்ந்து நிற்பதைத் துலக்கி, மறுபடியும் துருவேற்றி, இப்படிப் பல நாள் பொறுமையாகச் செய்வது பழைய கைவினைஞர்களின் முறை. திருகாணி, விசைவில் போன்ற சிறு உறுப்புகளைத் துலக்கிச் சுமார் 300 டிகிரிக்குச் சூடேற்றினால், வைக்கோல் மஞ்சளும் ஊதாவும் கடந்து, மயில் கழுத்தின் நீலம் தோன்றும். அந்த நீலம் சாயத்தின் நிறமன்று. மழைநீரில் மிதக்கும் எண்ணெயில் வர்ணஜாலம் தோன்றுவதுபோல, மெல்லிய படலத்தின் இரு பரப்புகளிலும் பட்டுத் திரும்பும் ஒளி தன்னுள் கலப்பதால் எழுவது. தொட்டியில் ஏற்றிய மெருகின் கனம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு. நெருப்பு நீலத்தின் கனமோ பத்தாயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. இத்தகைய படலத்தைப் பாலிஷ் போட்டுத் துடைப்பவர், அழுக்கை எடுக்கவில்லை, அழகையே எடுக்கிறார்.

தேய்மானம் முதலில் தென்படும் இடம் தோட்டா உருளை. அதை வெளிச்சத்தில் சற்றே சாய்த்துப் பார்த்தால், ஒரு குழியிலிருந்து அடுத்த குழி வரையில் மயிரிழை போன்ற வெண்கோடு சுற்றி ஓடுவதைக் காணலாம். உருளையை நிறுத்திப் பிடிப்பதற்காகச் சட்டத்தின் அடியிலிருந்து எழும் சிறு தாழ், அது சுழலும்போதெல்லாம் உராய்ந்து கிழித்த கோடு அது. கூடத்துக்கு வந்த விருந்தினர் ஆசைப்பட்டுக் குதிரையை நாலைந்து முறை இழுத்துப் பார்த்தாலே போதும், அக்கோடு துவங்கிவிடும். அதற்கடுத்த பகை கைவியர்வை. அதன் உப்பு, பார்வைக்குத் தெரியாத ரேகையாகப் படிந்து, சில வாரங்களில் பழுப்புப் புள்ளிகளாக விழித்துக்கொள்ளும். இவற்றைவிட விசித்திரமானது பெட்டியே பகையாவது. தோலுறை ஈரத்தையும் பதனிட்ட உப்புகளையும் வைத்திருக்கும். பஞ்சு மெத்தை நீராவியை உறிஞ்சி, மூடிய பெட்டிக்குள் எஃகோடு அணைத்துவைக்கும். காட்சிக்கென்று அளித்த பேழை நெடுங்கால வாசத்துக்கு உகந்ததன்று.

ஆகவே செய்யவேண்டியவை சொற்பம். தோட்டா இல்லையென்று உறுதி செய்துகொண்டு, பருத்திக் கையுறையோடு எடுத்து, மெல்லிய துணியால் ஒற்றி, அமிலமற்ற எண்ணெயைப் பட்டும் படாததுமாகத் தடவலாம். பிரிட்டிஷ் மியூசியத்து ஆராய்ச்சிச் சாலையில் உருவான நுண்மெழுகு போன்றதைப் பூசினால் இன்னும் நல்லது. பொன் முலாமிட்ட எழுத்துகளை அழுத்தித் தேய்க்கலாகாது. துருநீக்கித் திரவங்களோ, வினிகர் போன்ற வீட்டு அமிலங்களோ, நிமிஷங்களில் துருவோடு மெருகையும் கரைத்துவிடும்.

மங்கிப் போனதை மறுபடியும் மெருகேற்றினால் என்ன, அது உடையவனுடைய இஷ்டந்தானே என்று கேட்பவர்கள் உண்டு. உடைமை அவனுடையதுதான், ஆனால் மறு மெருகு என்பது மெருகை மட்டும் மாற்றுவதில்லை. சக்கரத்தில் வைத்துத் துலக்கும்போது கூரான விளிம்புகள் உருண்டுவிடுகின்றன. திருகாணித் துளைகளின் ஓரம் குழிந்துவிடுகிறது. பொறித்த எழுத்தின் ஆழம் குறைந்து, சித்திரக் கோடுகள் கரைந்து போகின்றன. கடைகளில் விற்கும் குளிர்நீலத் திரவத்தைத் தடவினாலோ, முதல் நாள் ஒத்திருந்த நிறம் பின்னர் திட்டுத் திட்டாகக் காட்டிக் கொடுக்கும். கைதேர்ந்த கலைஞன் இந்தக் குறைகளைத் தவிர்க்கக்கூடும் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அப்போதும் அது அந்த ஆண்டில் அந்தத் தொழிற்சாலையிலிருந்து புறப்பட்ட பொருளாகாது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியாரே, தங்களிடம் திரும்பி வந்த துப்பாக்கிகளுக்கு மறு மெருகிட்டபோது, கைப்பிடிப் பலகைக்குள் மறையும் சட்டத்தில் அந்தத் தேதியைப் பொறித்து வைத்ததுண்டு. செய்தவர்களே இவ்வாறு கணக்கு வைக்கும்போது, மறு மெருகிட்டதைச் சொல்லாமல் விற்பவனை வியாபாரி என்பதைவிட வஞ்சகன் என்பதே பொருந்தும்.

சேகரிப்போருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: மங்கிய இடத்தை மங்கியபடியே விட்டு, மேலும் மங்காமல் காப்பதோடு நில்லுங்கள்; வாங்கும்போது பளபளப்பை நம்பாமல் விளிம்பையும் எழுத்தையும் பாருங்கள்; விற்கும்போது கோட்டையும் புள்ளியையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். தேய்ந்த மெருகுக்கு விலை சற்றுக் குறையலாம். பொய் மெருகு பிடிபடும் நாளில், பொருளின் விலையோடு சொன்னவருடைய வாக்கின் விலையும் சேர்ந்து போய்விடும்.