அறிவுக்குப் பூட்டுப் போடுவதா?

1665ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிலே ஹென்றி ஓல்டன்பேர்க் என்பார் 'பிலொசொபிக்கல் ட்ரான்சாக்ஷன்ஸ்' என்னும் விஞ்ஞான சஞ்சிகையைத் தொடங்கினார். அன்று தொட்டு முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக, ஓர் ஆராய்ச்சியாளரின் முடிவு உலகை எட்டுவதற்குக் கடதாசி வேண்டியிருந்தது, அச்சுப்பொறி வேண்டியிருந்தது, தபாற் கப்பல் வேண்டியிருந்தது. அவற்றுக்காக விலை கேட்டதில் நியாயம் இருந்தது.

இன்று நிலைமை வேறு. 1991 ஆகஸ்டில் அமெரிக்காவின் லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்திலே போல் கின்ஸ்பார்க் என்னும் பௌதிகவியலறிஞர், கட்டுரைகளைக் கணினியொன்றிலே திரட்டிக் கேட்போர்க்கெல்லாம் வழங்கும் ஏற்பாட்டைத் தொடக்கி வைத்தார். 'ஆர்க்கைவ்' எனப்படும் அக்களஞ்சியம் இன்று இருபது இலட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகளை வாசகரிடம் ஒரு சதமும் கேளாது அளித்து வருகிறது.

இலத்திரனியற் பிரசுரம் எங்கும் பரவியது. கடதாசி போயிற்று, கப்பல் போயிற்று. விலை மட்டும் போகவில்லை! பெரும் பதிப்பகங்களுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 37.5 இலட்சம் டொலர் செலுத்துவது தாங்கொணாததாகிவிட்டதென 2012இல் ஹார்வார்ட் பல்கலைக்கழகமே முறையிட்டது. செல்வம் கொழிக்கும் ஹார்வார்டின் நிலையே இதுவாயின், ஏழை நாட்டுப் பல்கலைக்கழகத்தின் கதி என்ன?

ஆராய்ச்சிக்குப் பெரும்பாலும் பணம் கொடுப்பது மக்களின் வரி. கட்டுரையை எழுதுபவர் விஞ்ஞானி. அதனைப் பரிசீலிப்பவரும் மற்றொரு விஞ்ஞானியே. இருவருக்கும் பதிப்பகம் பொதுவாக ஊதியம் வழங்குவதில்லை. முடிந்த பின்னர் அதனை வாசிக்க மீண்டும் விலை! அதுமட்டுமன்று. அச்சிட்ட சஞ்சிகை நூலகத்தின் உடைமையாயிருந்தது. இன்று நூலகம் வாங்குவது அனுமதி மாத்திரமே. சந்தா நின்றால் பழைய இதழ்களின் கதவும் பல வேளைகளில் அடைபட்டுவிடும்.

இவ்வநீதிக்கு எதிராக 2002இல் புடாபெஸ்ட் பிரகடனம் எழுந்தது. அறிவு எல்லார்க்கும் திறந்திருக்க வேண்டுமென அது முழங்கியது. பதிப்பகங்கள் என்ன செய்தன? ஒரு வாயிலைத் திறந்து மறு வாயிலை அடைத்தன. வாசகரிடம் வாங்கிய பணத்தை எழுதுபவரிடம் வாங்கத் தலைப்பட்டன. ஒரு கட்டுரையைத் திறந்த நிலையில் வெளியிட 'நேச்சர்' சஞ்சிகை 2020இல் அறிவித்த கட்டணம் 9,500 யூரோ! நேற்று வாசிக்க முடியாதிருந்தவர் இன்று எழுத முடியாதவராகிறார். வறியவர்க்குச் சலுகை உண்டே என்பர் சிலர். சலுகை கொடுப்பவரின் தயவு. நாம் கேட்பதோ உரிமை.

வெளியீட்டுக்குச் செலவே இல்லையென்று நாம் வாதிடவில்லை. பரிசீலனையை ஒழுங்குசெய்யவும், பிழை களையவும், நூறாண்டுக்குப் பின்னும் கெடாமற் காக்கவும் பணம் வேண்டும். அச்செலவை அரசாங்கங்களும் பல்கலைக்கழகங்களும் கூட்டாகச் சுமக்கலாம். 1997இல் பொதுப்பணத்தின் துணையோடு பிரேசிலில் உருவான 'சியெலோ' அமைப்பு, பல நாடுகளின் சஞ்சிகைகளை வாசகரிடம் கட்டணமின்றி வழங்கி, இது வெறுங் கனவன்று என நிரூபித்துள்ளது.

மக்கள் பணத்தில் விளைந்த அறிவு மக்களுக்கே உரியது. அதற்குப் பூட்டுப் போடும் உரிமையைப் பதிப்பகங்களுக்கு எவர் வழங்கினர்? விஞ்ஞானிகளே தம் கையெழுத்தால் வழங்கினர். அக்கையெழுத்தை மறுக்கும் துணிவும் அவர்களிடமிருந்தே பிறக்க வேண்டும்.