விக்கெட் விழாத 259 பந்துகள்

"இனி ஹைலைட்ஸ் தயாரிக்க எடிட்டர் வேண்டாம். இயந்திரமே ஆட்டத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, நல்ல கட்டங்களைப் பாரபட்சமில்லாமல் எடுத்துக் கொடுத்துவிடும்." இயந்திரக் கற்றலை விளையாட்டு ஒளிபரப்புக்குள் கொண்டுவருபவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் பேச்சு இது. இன்று பலரும் இதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்கிறார்கள். என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில், இயந்திரம் ஆட்டத்தைப் புரிந்துகொள்கிறது என்பது. 2017இல் விம்பிள்டனிலும் அமெரிக்க ஓப்பனிலும் ஐபிஎம் நிறுவனம் கொண்டுவந்த முறை, ஆட்டத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மதிப்பெண் இட்டது. அரங்கில் எழும் ஆரவாரம், வீரர் முஷ்டியை உயர்த்துவது போன்ற அசைவுகள், ஸ்கோர் விவரம் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்ட மதிப்பெண் அது. கிரிக்கெட்டிலும் ஏறக்குறைய இதே வழிதான். திரையில் மாறும் ஸ்கோரைப் படிப்பார்கள், பந்துவாரியான தரவோடு பொருத்துவார்கள், வர்ணனையாளரின் குரல் உயர்வதைக் கவனிப்பார்கள், ரீப்ளேவுக்கு முன்னால் திரையைக் கடந்துபோகும் லோகோவைப் பிடிப்பார்கள். இவையெல்லாம் ஏதோ நடந்திருக்கிறது என்பதற்கான தடயங்கள். நடந்ததற்கு அந்த ஆட்டத்தில் என்ன எடை என்பது இவற்றில் இல்லை. சிக்ஸர் அடித்தால் ஸ்கோரும் மாறும், கூட்டமும் கத்தும். டி20 ஆட்டங்களில் இந்த முறை நன்றாக வேலை செய்வதற்கு அதுதான் காரணம்.

தடயமும் ஆட்டமும் பிரியும் இடத்துக்கு வருவோம். 2021 ஜனவரி 11, ஆஸ்திரேலியாவுக்கு எதிரான சிட்னி டெஸ்டின் கடைசி நாள். இந்தியாவின் இலக்கு 407. பந்த் 97, புஜாரா 77 எடுத்து வெளியேறியபோது ஸ்கோர் 5 விக்கெட்டுக்கு 272. தொடைத் தசை பிடித்துக்கொண்டு ஓட முடியாத விஹாரியும், முதுகுவலியோடு வந்த அஸ்வினும் சேர்ந்தார்கள். அடுத்து இறங்க வேண்டிய ஜடேஜாவுக்குக் கட்டைவிரலில் காயம். அங்கிருந்து ஆட்டம் முடியும்வரை 259 பந்துகள், 62 ரன், ஒரு விக்கெட்கூட விழவில்லை. விஹாரி 161 பந்துகளில் 23, அஸ்வின் 128 பந்துகளில் 39. டெஸ்ட் டிராவானது. ஒரு வாரம் கழித்து பிரிஸ்பேனில் தொடரையே இந்தியா வென்றதற்கு அந்த மாலைதான் வழிவிட்டது.

மதிப்பெண் இடும் முறை இதிலிருந்து எதை எடுக்கும்? சில பவுண்டரிகள், விஹாரி கொடுத்து ஆஸ்திரேலிய விக்கெட் கீப்பர் பெய்ன் தவறவிட்ட கேட்ச், கடைசியில் கைகுலுக்கல். நல்ல எடிட்டர் வேறு மாதிரி வெட்டுவார். தடுத்தாடிய பந்துகள் மூன்றை அடுத்தடுத்து வைப்பார். மட்டையைச் சுற்றி நெருங்கி நிற்கும் ஃபீல்டர்களைக் காட்டிவிட்டு, இன்னும் எத்தனை ஓவர் பாக்கி என்பதைக் காட்டுவார். விஹாரியிடம் அஸ்வின் தமிழில் பேசியதை ஸ்டம்ப் மைக்கிலிருந்து எடுத்துச் சேர்ப்பார். இந்தத் துண்டுகளில் ஒன்றுக்குக்கூடத் தனியாக மதிப்பெண் விழாது. சேர்த்துப் பார்த்தால் அந்த மாலை முழுவதும் அங்கே இருக்கும்.

சத்தத்தை நம்புவதில் இன்னொரு ஆபத்து உண்டு. 1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக 271 இலக்கைத் துரத்திய இந்தியா, 136 எடுத்த சச்சின் ஏழாவது விக்கெட்டாக வெளியேறியபோது 254இல் இருந்தது. 258க்கு எல்லாம் முடிந்து, 12 ரன்னில் தோல்வி. சச்சின் ஆட்டமிழந்ததும் அரங்கம் அப்படியே அடங்கிப்போனது. அந்த ஆட்டத்தின் உச்சம் அந்த மௌனத்தில் இருந்தது. பிறகு அதே கூட்டம் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியது. கைதட்டலை இயந்திரம் பிடித்துவிடும். அதற்கு முந்தைய மௌனத்தைச் சேர்க்காமல் காட்டினால், அந்தக் கைதட்டலின் பெருமை பார்ப்பவருக்கு எப்படிப் புரியும்?

பாரபட்சம் இல்லை என்ற வாதத்தை ஐபிஎம்மே பின்னர் திருத்திக்கொண்டது. பெரிய கோர்ட்டில் ஆடுபவருக்கும் உள்ளூர் ரசிகர்கள் நிறைய உள்ளவருக்கும் ஆரவாரம் அதிகம். அதனால் அவர்களுடைய கட்டங்களே மேலே வந்தன. 2019 விம்பிள்டனில் அந்தச் சாய்வைக் குறைக்க ஒரு ஏற்பாட்டைச் சேர்த்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் எதைச் சாய்வு என்று கொள்வது, எவ்வளவு திருத்துவது என்பதை மனிதர்கள் உட்கார்ந்துதான் முடிவு செய்கிறார்கள். எடிட்டரின் விருப்பு வெறுப்பு வேறொரு மேசைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவே.

"சோதித்து நிரூபிக்கப்பட்டது" என்பதும் கவனமாகக் கேட்க வேண்டிய பேச்சு. வீடியோ சுருக்க ஆராய்ச்சியில் நெடுங்காலம் உரைகல்லாக இருந்தவை இரண்டு தொகுப்புகள். சம்மீ தொகுப்பில் 25 வீடியோக்கள், டிவிசம் தொகுப்பில் 50. 2019இல் மாயு ஓதானியும் உடன் ஆய்வாளர்களும் ஒரு சோதனை செய்தார்கள். எந்தப் பகுதி முக்கியம் என்று கணிப்பதற்குப் பதிலாகத் தாறுமாறாக எண்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். அப்படி உருவான சுருக்கங்களும், அன்றைய சிறந்த முறைகளுக்கு ஏறத்தாழ இணையான மதிப்பெண் பெற்றன. வீடியோவை முன்கூட்டியே துண்டுபோட்ட விதமே மதிப்பெண்ணின் பெரும்பகுதியைத் தீர்மானித்திருந்தது. விளையாட்டு ஒளிபரப்பில் ஓடும் முறைகள் வேறு, உண்மை. ஆனாலும் "நல்ல சுருக்கம்" எது என்பதை எண்ணால் அளப்பது எவ்வளவு கடினம் என்று அந்த ஆய்வு காட்டிவிட்டது.

ஒரு வாதத்தை மட்டும் நான் மதிக்கிறேன். எடிட்டரை அமர்த்தப் பணமில்லாத சிறிய போட்டிகளுக்கும் இயந்திரத்தால் ஹைலைட்ஸ் கிடைக்கும் என்பது. கிடைக்கட்டும், வரவேற்கிறேன். ஆனால் அங்கேதான் ரசிகர் கூட்டம் குறைவு, கேமரா குறைவு, பல சமயம் வர்ணனையாளரே இருக்கமாட்டார். இயந்திரம் நம்பும் தடயங்கள் எங்கே மெலிந்திருக்கின்றனவோ அங்கேயே அதைத் தனியாக விடச் சொல்கிறார்கள்.

கடைசியாக, ரசிகர்கள் கேட்பதே சிக்ஸரும் விக்கெட்டும்தான், பார்வை எண்ணிக்கையே சாட்சி என்கிறார்கள். காட்டப்படாததை யாரும் சொடுக்க முடியாது. காட்டியதில் கிடைத்த எண்ணிக்கையை வைத்து அடுத்த மாதிரிக்குப் பயிற்சி கொடுத்தால், வட்டம் இன்னும் குறுகும். இந்தத் துண்டுகளை மட்டுமே பார்த்து வளரும் ஒரு சிறுமிக்கு, ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே வரும் பந்தைத் தொடாமல் விடுவதும் ஒரு திறமை என்று தெரிய வழியே இல்லை.

பந்துவாரியாகக் குறித்து, அடுக்கி, தேடினால் கிடைக்கும்படி வைக்கும் வேலையை இயந்திரம் செய்யட்டும். அதில் மனிதரைவிட அது வேகமானது. டி20க்குச் சில நிமிடங்களில் துண்டுகள் வரட்டும். ஆனால் டெஸ்ட் போட்டியின் நாள் சுருக்கத்தை, ஆட்டத்தைத் தொடக்கத்திலிருந்தே பார்த்துவரும் ஓர் எடிட்டர் வெட்ட வேண்டும். அவருடைய பெயரைக் கடைசியில் திரையில் போட வேண்டும். ஒளிபரப்பு உரிமைக்குக் கோடிகளைக் கொடுக்கும் நிறுவனங்களுக்கு இந்தச் சம்பளம் ஒரு பாரமே இல்லை.