எழுத்துரு அழகா இல்லையா? அப்போ எக்ஸ்எம்எல் எழுது!

லினக்ஸ் பக்கம் புதிதாக வருகிற எவரும் ஒரு தடவையாவது கேட்கிற கேள்வி: "ஏன்டா, எழுத்தெல்லாம் இப்படி அப்பிக்கிட்டுக் கிடக்கு?" பதிலும் எப்போதும் ஒன்றுதான். "ஃபான்ட்கான்ஃபிக் இருக்குல்ல, ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு எழுதி வச்சுடு, சரியாயிடும்." எனக்குக் கடுப்பு கேள்வி மேல் இல்லை, இந்தப் பதில் மேல்.

ஒரு காலத்தில் இதற்கு நியாயமான காரணம் இருந்தது. ட்ரூடைப் எழுத்துருவுக்குள் குட்டிக் கட்டளைகள் உண்டு. சிறிய அளவில் எந்தக் கோடு திரையின் எந்தப் புள்ளியில் உட்கார வேண்டும் என்று அவை சொல்லும். அவற்றை இயக்கும் முறைக்கு ஆப்பிள் காப்புரிமை வைத்திருந்ததால், ஃப்ரீடைப் நூலகத்தில் அந்த நிரல் இருந்தும் பூட்டியே கிடந்தது. 2010-ல் காப்புரிமை காலாவதியானது. அதே வருடம் வந்த ஃப்ரீடைப் 2.4-ல் பூட்டைத் திறந்துவிட்டார்கள். மைக்ரோசாஃப்டின் க்ளியர்டைப் காப்புரிமைகளும் 2019-ஓடு முடிந்தன. ஆக, வக்கீல்களைக் காட்டித் தப்பிக்க இனி வழியில்லை.

இன்னொரு புகழ்பெற்ற அறிவுரை, "மைக்ரோசாஃப்ட் கோர் ஃபான்ட்ஸ் போட்டுக்கோ." ஏரியல், வெர்டானா எல்லாம் வரும், சரி. அந்தப் பொதியில் தமிழ் எழுத்து ஒன்றுகூடக் கிடையாது சாமி!

தமிழுக்கு நடக்கிற கொடுமையைப் பார்க்க, லோஹித் தமிழ் மட்டும் இருக்கிற கணினியில் ஒரு செய்தித்தளத்தைத் திறந்து தலைப்புகளைப் பாருங்கள். லோஹித்தில் தடித்த வடிவம் தனியாக இல்லை. தளமோ தடித்த எழுத்து கேட்கிறது. கணினி என்ன செய்யும்? சாதா எழுத்தையே செயற்கையாக ஊதிப் பெருக்கிவிடும். ஆங்கிலத்தில் 'எல்' என்ற ஒற்றைக் கோடு ஊதினால் ஒன்றும் ஆகாது. நம் ணை, ஞூ, ழு எல்லாம் சுழியால் ஆனவை. உள்ளே இருக்கும் வெள்ளை அடைபட்டால் ண-வும் ன-வும் ஒன்றாகத் தெரியும். கண்ணைச் சுருக்கிப் படித்துவிட்டுப் பையன் விண்டோஸுக்கே திரும்பிப் போகிறான். அவனைக் குறை சொல்ல முடியுமா?

இத்தனைக்கும் மருந்து கையிலேயே இருக்கிறது. நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம், திறந்த உரிமம், மெலிந்ததில் இருந்து மிகத் தடித்தது வரை எல்லா எடையிலும் நிஜமாகவே வரையப்பட்டது. கூடவே ஹின்டிங்கை 'ஸ்லைட்' என்று வைத்தால் எழுத்தை மேலும் கீழும் மட்டும் லேசாகச் சரிசெய்யும், பக்கவாட்டில் நசுக்காது. 'ஃபுல்' வைத்து வளைவுகளைச் சதுரமாக்குகிறவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை :-)

"காசு வாங்காம செய்யறாங்க, குறை சொல்லாதே" என்பார்கள். கடினமான வேலையைக் காசு வாங்காமல் செய்து முடித்தவர்கள் மேல் எனக்கு மரியாதைதான். நான் கேட்பது அதற்கடுத்த கடைசிப் படியை. நிறுவும்போது முதல் திரையிலேயே "உங்கள் மொழி எது?" என்று கேட்கிறீர்கள். நான் தமிழ் என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறமும் எனக்கு எந்த எழுத்துரு வேண்டும் என்பதை எக்ஸ்எம்எல்லில் எழுதிக் காட்டச் சொன்னால், முதலில் எதற்கய்யா மொழியைக் கேட்டீர்கள்?