எடை குறைத்தவர் ஏன் பொய் சொல்ல வேண்டும்?

நமக்கு நெடுநாளாய்ப் பழக்கமான தோழர் ஒருவர் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் புடவைப் பகுதியில் வேலை பார்த்து வருகிறார். வயது 38. எடை 126 கிலோ இருந்தார். நீரிழிவு ஒரு பக்கம், இரத்தக் கொதிப்பு ஒரு பக்கம், இரவில் படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்து கொள்வது ஒரு பக்கமாகப் பல வருஷம் அவஸ்தைப்பட்டு, பட்டினியும் பத்தியமும் பலமுறை இருந்து பார்த்து, கடைசியாக டாக்டர்கள் யோசனையின் பேரில் எடை குறைப்பதற்கான ஆபரேஷன் செய்து கொண்டார். ஆனால் கடையில் என்ன சொல்லி லீவு வாங்கினார் என்றால், “குடலிறக்கத்திற்கு ஆபரேஷன்” என்று சொல்லி வாங்கினார். பதினாறாம் நாள் வேலைக்கு வந்துவிட்டார். அதற்கு மேல் லீவு இல்லை. இருந்தாலும் சம்பளம் இல்லை.

வந்த மூன்றாம் நாள், காலை முதல் நின்றபடியே புடவை விரித்துக் காட்டிக் கொண்டிருந்தவர் பிற்பகல் மூன்று மணிக்குக் கண் இருண்டு கீழே விழுந்தார். கூட வேலை செய்கிறவர்கள் நல்ல பிள்ளைகள். ஓடி வந்து தூக்கி உட்கார வைத்து, களைப்பு என்று நினைத்து, ஒரு பாட்டில் கலர் சோடாவை வாங்கி வந்து வாயில் ஊற்றினார்கள். அந்தச் சோடா உள்ளே போனதும் அவருக்கு வயிறு முறுக்கி, நெஞ்சு படபடத்து, உடம்பெல்லாம் வேர்த்து, உயிர் போய்விடும் போல் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அவர் விழுந்ததற்குக் காரணம் வேறொன்றுமில்லை, போதுமான தண்ணீர் குடிக்காததுதான் என்றும், அப்புறம் பட்ட வேதனைக்குக் காரணம் அந்தச் சோடாவும் அதிலிருந்த சர்க்கரையும்தான் என்றும் டாக்டர் சொன்னார்.

இதில் சோடா கொடுத்தவர்கள் மேல் என்ன குற்றம் சொல்ல முடியும்? குடலிறக்க ஆபரேஷன் ஆனவருக்குச் சோடா கொடுத்தால் தீங்கில்லை என்றுதானே அவர்கள் நினைத்திருப்பார்கள்? உள்ளது இன்னதென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தால் பச்சைத் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கொடுத்திருப்பார்கள். “ஏனையா பொய் சொன்னீர்?” என்று நாம் தோழரைக் கேட்டோம். “உண்மையைச் சொன்னால் சிரிப்பார்கள்” என்றார். இந்த ஒரு ஜவாபைப் பற்றித்தான் நாம் இன்று எழுத விரும்புகின்றோம்.

சிரிப்பார்கள் என்பது வாஸ்தவம். பருத்தவனைக் கண்டால் சிரிப்பது நமது நாட்டில் ஒரு பொழுதுபோக்கு. சினிமாவில் அவன் விழுந்தால் சிரிப்பு, பஸ்ஸில் அவன் ஏறினால் சிரிப்பு. அவன் இளைப்பதற்கு வைத்தியம் செய்து கொண்டால் அதற்கும் சிரிப்பு. “வாயைக் கட்டத் தெரியாதவன் வயிற்றை வெட்டிக் கொண்டான்” என்று சொல்லுவார்கள். இப்படிச் சொல்லுகிறவர்கள் யார் என்று பார்த்தால், குழந்தை கொழுகொழு என்று இருந்தால்தான் அழகு என்று ஊட்டி ஊட்டி வளர்த்தவர்களும், கல்யாணப் பந்தியில் வேண்டாம் வேண்டாம் என்று கையை மறித்தாலும் இலையில் இன்னொரு கரண்டி போடுவதை மரியாதை என்று நினைப்பவர்களுமாகவே இருக்கின்றார்கள். சாப்பிடாவிட்டால் கோபம், சாப்பிட்டால் கேலி. மேலும் 2019–21-இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்குப்படி நமது தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 100-க்கு 40 பேரும், அக்கணக்கில் சேர்ந்த ஆண்களில் 100-க்கு 37 பேரும் எடை மிகுந்தவர்கள். ஆதலால் சிரிக்கின்ற கூட்டத்திலேயே ஐந்தில் இரண்டு பேர் சிரிக்கப்பட வேண்டியவர்கள்தான் என்பதை அவர்கள் மறந்து விடுகின்றார்கள்.

பருமன் என்பது ஏதோ ஒழுக்கக் கேடு என்றும், பெருந்தீனி தின்ற பாவத்திற்குக் கிடைத்த தண்டனை என்றும் நினைப்பதுதான் இந்தச் சிரிப்புக்கு மூலம். உடம்பின் நோய்க்கெல்லாம் பாவ புண்ணியக் கணக்கைக் காரணம் சொல்லிக் கொண்டிருந்த பழைய வழக்கத்தில் இது ஒரு மிச்சம். பெருவியாதிக்காரனைப் பாவி என்றோம். அம்மை வந்தால் தெய்வக் குற்றம் என்றோம். அவையெல்லாம் கிருமி என்று தெரிந்த பிறகு வாயை மூடிக் கொண்டோம். பருத்தவன் விஷயத்தில் மட்டும் இன்னும் வாயை மூடவில்லை.

விஷயம் என்னவென்று கொஞ்சம் பார்ப்போம். அமெரிக்காவில் அயோவா சர்வகலாசாலையைச் சேர்ந்த எட்வர்ட் மேசன் என்கின்ற டாக்டர், புண்ணுக்காக இரைப்பையில் பெரும் பாகத்தை வெட்டி எடுக்கப்பட்டவர்கள் இளைத்துப் போவதைக் கவனித்து, 1966-இல் பருமனுக்கென்றே இந்த ஆபரேஷனைச் செய்தார். இப்போது பெரும்பாலும் இரண்டு விதமாய்ச் செய்கின்றார்கள். ஒன்று, இரைப்பையில் சுமார் முக்கால் பாகத்தை எடுத்துவிட்டு மிச்சத்தை வாழைப்பழம் போன்ற ஒரு குழாயாக விடுவது. மற்றொன்று, மேல் பாகத்தில் முட்டையளவு பை ஒன்றைப் பிரித்துச் சிறுகுடலோடு நேராய் இணைத்துவிடுவது. நமது தோழருக்குச் செய்தது இரண்டாவது. பசியைத் தூண்டுகின்ற கிரெலின் என்னும் ஒரு சத்து இரைப்பையில் ஊறுகின்றது என்பதை 1999-இல் ஜப்பான் தேசத்து ஆராய்ச்சிக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். பத்தியத்தால் இளைத்தவர்களுக்கு அந்தச் சத்து முன்னிலும் அதிகமாய் ஊறி முன்னிலும் அதிகமாய்ப் பசிக்கின்றது என்று 2002-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் தெரிந்தது. அதாவது, வாயைக் கட்டக் கட்ட உடம்பு வாயைத் திறக்கச் சொல்லுகின்றது. இதற்கு மனவுறுதியின்மை என்று பேர் வைத்து ஒருவனை அவமானப்படுத்துவது என்ன நியாயம் என்று கேட்கின்றோம்.

“அப்படியானாலும் இது குறுக்கு வழிதானே?” என்பார்கள் சிலர். குறுக்கு வழி எப்படிப்பட்டது என்று கேட்டுவிட்டுச் சொல்லட்டும். முதல் இரண்டு வாரம் நீர் ஆகாரம். பிறகு இரண்டு வாரம் கூழ் போல் மசித்தது. அப்புறம் மெத்தென்ற உணவு. மற்றவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட ஏறக்குறைய இரண்டு மாதம். அப்போதும் சில வாய்தான். நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் குடிக்க வேண்டும். ஆனால் மடமடவென்று குடிக்க முடியாது. மிடறு மிடறாக நாள் முழுதும் குடித்துக் கொண்டே இருக்க வேண்டும். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கக் கூடாது. சாப்பிட்டு அரைமணி கழித்துத்தான். இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து, வைட்டமின் மாத்திரைகள் ஆயுள் முழுதும். மூன்று நான்கு மாதத்தில் பலருக்குத் தலைமயிர் கொட்டும். மறுபடி முளைக்கும் என்றாலும், அதற்குள் “இவனுக்கு ஏதோ பெரிய வியாதி” என்று பக்கத்துக் கவுண்டரில் பேசத் தொடங்கி விடுவார்கள். இதைக் குறுக்கு வழி என்கிறவர்கள் ஒரு வாரம் நடந்து பார்க்கட்டும்.

நிற்க, வேலைக்குத் திரும்புகின்ற சங்கதிக்கு வருவோம். மேசையில் உட்கார்ந்து எழுதுகிறவர் ஒன்று முதல் மூன்று வாரத்தில் திரும்பிவிடலாம். நின்று சுமந்து வேலை செய்கிறவருக்கு நான்கு முதல் ஆறு வாரமாவது வேண்டும். நடக்கக் கூடாது என்பதல்ல. இரத்தம் காலில் உறையாமலிருக்க ஆபரேஷன் ஆன நாள் முதலே நடக்கத்தான் சொல்லுகின்றார்கள். பளுவைத் தூக்குவதுதான் ஆகாது. ஒரு கட்டுப் பட்டுப் புடவையைப் பரணிலிருந்து இறக்குகிறவருக்கு அது எவ்வளவு பளு என்பது தெரியும். கணக்குப் பார்க்கிற முதலாளிக்குத் தெரியாது.

சட்டம் என்ன சொல்லுகின்றது? கடைகள், நிறுவனங்களுக்காக 1947-இல் நமது மாகாணத்தில் செய்யப்பட்ட சட்டத்தில் நோய்க்காக வருஷத்திற்கு 12 நாள் சம்பளத்தோடு லீவு வைத்தார்கள். 12 நாளில் ஆறு வாரத்தை எப்படி அடைப்பது? 1948-இல் ஏற்பட்ட தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு, டாக்டர் சர்ட்டிபிகேட்டின் பேரில் வருஷத்தில் 91 நாள் வரையில் சம்பளத்தில் 100-க்கு 70 வீதம் கிடைக்க வழியிருக்கின்றது. நமது தோழர் அதில் சேர்ந்தவர்தான். ஆனால் அதைக் கேட்டால் என்ன ஆபரேஷன் என்ற காகிதம் மேனேஜர் கைக்குப் போய்விடுமே என்று பயந்து கேட்காமலே விட்டுவிட்டார். வெட்கத்திற்கு அவர் கொடுத்த விலை ஒரு மாதச் சம்பளத்திற்குக் கிட்டத்தட்ட வரும்.

இன்னொன்று, உட்காருவது. கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் பல வருஷம் கிளர்ச்சி செய்ததன் பேரில் கேரளத்தில் 2018-இலும், அதன் பிறகு தமிழ்நாட்டில் 2021-இலும், கடையில் வேலை செய்கிற எல்லோருக்கும் உட்கார ஆசனம் போட வேண்டும் என்று சட்டத்தில் சேர்த்தார்கள். நாம் அந்த ஜவுளிக்கடைக்குப் போய்ப் பார்த்தோம். ஆசனம் இருக்கின்றது, அதன் மேல் புடவைப் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. வாடிக்கைக்காரர் முன் உட்கார்ந்திருந்தால் மரியாதைக் குறைவாம். துணி வாங்க வருகிற நம்மில் யாராவது, விற்கிறவர் உட்கார்ந்து கொண்டு காட்டினார் என்பதற்காகப் புடவை வேண்டாம் என்று திரும்பிப் போனதுண்டா?

“அவன் தின்று பருத்ததற்கு நான் ஏன் லீவு கொடுக்க வேண்டும்?” என்று முதலாளி கேட்கலாம். மோட்டார் சைக்கிளை வேகமாய் ஓட்டிக் காலை முறித்துக் கொண்டவனிடம் இப்படிக் கேட்பதுண்டா? அவனுக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக் கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருகின்றோம். அன்றியும் நமது தோழருக்கு இப்போது நீரிழிவு மாத்திரை பாதியாய்க் குறைந்திருக்கின்றது, இரவில் தூங்குகின்றார். மூன்று வாரம் பளு தூக்காமல் விட்டுவைத்தால் இன்னும் பல வருஷம் உழைக்கக் கூடிய ஆளை, மூன்றாம் நாளே விழவைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது முதலாளிக்கே என்ன லாபம்?

கடைக்காரருக்காவது லீவுச் சீட்டு என்று ஒன்று இருக்கின்றது. வீட்டுப் பெண்களுக்கு அதுவும் கிடையாது. ஆபரேஷன் ஆன பெண் வீட்டுக்கு வந்ததுமே “இனி என்ன, நடக்கிறாயே” என்று அடுப்படியைக் காட்டி விடுகின்றார்கள். ஒரு குடம் தண்ணீர் 15 கிலோ. சமையல் வாயு நிரம்பிய உருளை 30 கிலோவுக்குக் கிட்டத்தட்ட. ஐந்து கிலோவுக்கு மேல் தூக்காதே என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு அலமாரியில் இருக்கும்; குடம் அவள் இடுப்பில் இருக்கும். அவள் கஞ்சித் தண்ணீரைக் குடித்துக் கொண்டு வீட்டாருக்கெல்லாம் வறுத்தும் பொரித்தும் போட வேண்டும். கட்டிய கணவன் ஒரு மாதம் தண்ணீர் தூக்கினால் அவன் ஆண்மைக்கு என்ன குறைந்துவிடும் என்று தெரியவில்லை.

இதையெல்லாம் எழுதுவதால் பருத்தவர்கள் எல்லோரும் ஆபரேஷன் மேஜைக்கு ஓட வேண்டும் என்று நாம் சொல்லுவதாக நினைத்துவிட வேண்டாம். மாயவித்தை போல் இளைத்தவர் படத்தைப் போட்டு ஆஸ்பத்திரிகள் செய்கின்ற விளம்பரத்தை நம்பிப் போவது, தாயத்துக்காரனை நம்பிப் போவதைவிட எவ்வளவோ மேல் என்று நாம் சொல்லமாட்டோம். இது பெரிய ஆபரேஷன், ஆபத்தும் உண்டு. தக்க டாக்டர் பரிசோதித்துச் சொன்னவர்களுக்கு மட்டுமே ஆனது. இது அழகுக்காகச் செய்வதல்ல, நோய்க்காகச் செய்வது என்பதை இன்ஷூரன்சை மேற்பார்க்கிற மத்திய ஸ்தாபனமே 2019-இல் ஒப்புக்கொண்டு, இன்ன அளவு பருமனும் இன்ன நோயும் இருந்தால் இதை விலக்கக் கூடாது என்று கம்பெனிகளுக்கு விதி செய்துவிட்டது. கம்பெனிக்காரன் ஒப்புக்கொண்டதைக் கவுண்டர்க்காரன் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கின்றான்.

ஒருவர் தம் உடம்பில் என்ன வைத்தியம் செய்து கொண்டார் என்பதை ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டிய கடமை அவருக்கில்லை. சொல்லாமலிருப்பது அவர் உரிமை. பயந்து பொய் சொல்லுவது வேறு. ஆகவே வேலைக்குத் திரும்புகிற தோழர்களுக்கு நாம் சொல்லுவது, பக்கத்தில் நிற்கிற ஒருவரிடமாவது உள்ளதைச் சொல்லி வையுங்கள். சர்க்கரைத் தண்ணீரும் சோடாவும் கொடுக்காதே, பச்சைத் தண்ணீர் கொடு, வயிற்று வலி நிற்காவிட்டால் உடனே டாக்டரிடம் கொண்டு போ என்று சொல்லி வையுங்கள்.

நமது தோழர் மறுபடி வேலைக்குப் போய்விட்டார். இந்தத் தடவை கூட இருக்கிற நாலு பேரிடம் சொல்லிவிட்டாராம். இரண்டு பேர் சிரித்தார்களாம். மூன்றாமவர் ஒன்றும் பேசாமல் ஒரு தண்ணீர்ப் பாட்டிலை நிரப்பிக் கவுண்டருக்கடியில் வைத்தாராம். நாலாமவர் சாயங்காலம் தனியாய் வந்து, தம் மனைவிக்கு 110 கிலோ என்றும், எந்த ஆஸ்பத்திரியில் விசாரிக்கலாம் என்றும் கேட்டாராம். ஆசனத்தின் மேல் புடவைப் பெட்டிகள் மட்டும் இன்னும் அப்படியேதான் இருக்கின்றனவாம்.